தொட்டியில் தங்கமீன் அடியிலேயே கிடக்கிறது, உடம்பில் வெள்ளைப் புள்ளி. கடையில் கொடுத்த நீல மருந்தை ஊற்றலாமா?

இப்போதைக்கு ஊற்றாதீர்கள். முதலில் தண்ணீரைப் பாருங்கள்.

தொட்டி அளவை நீங்கள் சொல்லவில்லை. இரண்டடி நீளம், நாலைந்து மீன், வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். மீன் வெளியேற்றும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை அம்மோனியா ஏறிக்கொண்டே போகும், செவுள் புண்ணாகும், மீன் துடுப்பை மடக்கிக்கொண்டு அடியில் போய்ப் படுக்கும். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தாலும் இது நடக்கும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறினால் அதே அளவு அம்மோனியா கிட்டத்தட்ட பத்து மடங்கு நஞ்சாகிவிடும். சொட்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். அம்மோனியா, அதைத் தின்று பாக்டீரியா விடும் நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும்.

இன்றைக்கே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், பிறகு தினமும் கால் பங்கு. குழாய்த் தண்ணீரோ லாரித் தண்ணீரோ என்றால் ஆன்டி குளோரின் கலந்துதான் ஊற்ற வேண்டும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கசக்கிவிடாதீர்கள், குளோரின் பட்டால் அந்த பாக்டீரியா போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினால் போதும்.

அந்த நீல மருந்து மெத்திலீன் ப்ளூவாகத்தான் இருக்கும். கெட்ட மருந்து இல்லை. ஆனால் ஃபில்டர் பாக்டீரியாவையும் சேர்த்து அழிக்கும், தொட்டி மூலையில் உள்ள சிலிக்கானில் ஏறிய நீலம் போகவே போகாது. தனி டப்பில் மீனை விட்டுச் செய்யும் வைத்தியத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி புள்ளி. போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். செவுள் மூடி மேலும், பக்கத் துடுப்பின் முதல் முள்ளிலும் மட்டும் வரிசையாகப் புள்ளி இருந்தால் அது நோயே இல்லை. பருவத்துக்கு வந்த ஆண் மீனுக்கு அப்படித்தான் வரும். இதற்குப் போய் மருந்து ஊற்றி நல்ல மீனைச் சாகடிக்கிறார்கள். ரவை தூவினது போல வால், முதுகு எல்லா இடத்திலும் சிதறியிருந்து, மீன் கல்லில் உடம்பைத் தேய்த்தால்தான் வெள்ளைப்புள்ளி நோய்.

அதற்குக் கல் உப்பு, லிட்டருக்கு 3 கிராம். 60×30×30 செ.மீ. தொட்டியில் மணலும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஆக 135 கிராம். தராசில் நிறுத்துப் போடுங்கள், கரண்டிக் கணக்கு வேண்டாம். ஒரே தடவையில் கொட்டாமல் 12 மணி நேர இடைவெளியில் 45 கிராமாக மூன்று முறை, தனியாகக் கரைத்து ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது. வற்றின தண்ணீருக்கு வெறும் தண்ணீரே போதும். 10 லிட்டர் எடுத்து மாற்றினால் மட்டும் 30 கிராம் சேர்க்க வேண்டும். நன்னீர் மீனுக்கு உப்பா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். தங்கமீன் இந்த அளவைத் தாங்கும். செடியும் நத்தையும் தாங்காது, முதலில் அவற்றை வெளியே எடுத்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் புள்ளி உதிர்ந்ததும் நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. இந்தப் புள்ளி நோயைத் தரும் ஒட்டுண்ணி உடம்பில் ஒட்டியிருக்கும்போது அதை உப்பு தொடாது. அது உதிர்ந்து, தொட்டி அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் குஞ்சாகி நீந்தி வரும்போதுதான் சாகும். அதனால் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம், மொத்தம் 10 முதல் 14 நாள் உப்பு இருக்கட்டும். ஹீட்டர் போடச் சொல்வது குளிர் நாட்டுக்கான யோசனை. நம் ஊர்த் தண்ணீர் ஏற்கனவே 28 டிகிரி. சூடு ஏற ஏற ஆக்சிஜன் குறையும், செவுள் கெட்ட மீன் அதைத் தாங்காது. ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடட்டும்.

டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பிரித்துக் கொட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள். கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்து அந்த மருந்து செயலற்றுப்போகும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தங்கமீனோடு சக்கர் மீனைச் சேர்த்து விற்கிறார்களே, தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று. அது ராத்திரியில் தங்கமீன் விலாவில் ஒட்டிக்கொண்டு வழவழப்பை உறிஞ்சும். அந்த இடம்தான் மறுநாள் சிவந்து புண்ணாகிறது. வட்டக் கண்ணாடிக் கிண்ணமும் அப்படித்தான். பத்து வருஷத்துக்கு மேல் வாழக்கூடிய மீனை ஐந்து லிட்டரில் போட்டு விற்பது கொடுமை. இருந்தால் சக்கரை இன்றைக்கே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், அதற்கு உப்பும் ஆகாது.

முதல் இரண்டு நாள் தீனி போடவே வேண்டாம், பட்டினியால் தங்கமீன் சாகாது. மூன்றாம் நாள் அடியில் மூழ்கும் குருணைத் தீனியில் நாலைந்தை ஊறவைத்துப் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்னாததை உடனே உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.