குவாட்டவிட்டாவில் முயிஸ்காக்கள் எங்கே?

அன்புள்ள ஐயா,

கொலம்பியாவின் குவாட்டவிட்டா என்ற சிற்றூரைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். முயிஸ்கா பழங்குடிகளின் தொன்மையான ஊர் என்றார்கள். கண்ணில் பட்டதெல்லாம் வெள்ளைச் சுவரும் ஓட்டுக்கூரையும் தங்கத் தெப்ப பொம்மைகளும்தான். அழிந்துபோன இனத்தின் பெயரை வைத்துச் சுற்றுலா வியாபாரம் நடக்கிறது, அவ்வளவுதானே?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

சுவர்களைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. சொல்லப்போனால் அவை ஸ்பானியர் காலத்தவைகூட அல்ல. பழைய குவாட்டவிட்டா 1967-இல் தோமினே நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. குடிபெயர்ந்தவர்களுக்காகக் காலனிய பாணியில் புதிதாகக் கட்டிய ஊரைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். அதனிடம் போய் முயிஸ்காவைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

பெயர்பெற்ற ஏரியும் ஊருக்குள் இல்லை. பக்கத்து செஸ்கிலே எல்லையில், மலைமேல் இருக்கிறது. உடலெங்கும் பொற்பொடி பூசிய புதிய முயிஸ்கா தலைவன் தெப்பத்தில் ஏறி நடு ஏரியில் காணிக்கை இட்டான் என்ற கதை, ஐரோப்பியர்களைப் பித்துப்பிடிக்க வைத்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் செபுல்வேதா என்ற வணிகர் நீரை வடித்துப் பொன்னெடுக்கக் கரையையே வெட்டித் திறந்தார். அந்த வெட்டு இன்றும் தெரிகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் ஆங்கிலேய நிறுவனம் ஏரியை வடித்தே விட்டது. அடிச்சேறு வெயிலில் கல்லாக இறுகி அவர்கள் மண்வெட்டியை ஏற்க மறுத்தது. எனக்கு அந்தச் சேற்றின் மேல் தனி மரியாதை உண்டு. நீங்கள் பொம்மையாகப் பார்த்த தெப்பத்தின் அசல் இங்கே கிடைத்ததல்ல. 1969-இல் தலைநகர் பொகோட்டாவுக்குத் தெற்கே பாஸ்காவின் குகை ஒன்றில் கிடைத்தது. நீளம் ஒரு சாண்கூட இல்லை.

இவ்வளவு தங்கப் பேச்சுக்கும் நடுவில் ஒன்று மறைந்துபோகிறது. முயிஸ்காக்களின் தங்கத்தில் பெரும்பகுதி பண்டமாற்றில் வந்தது. அவர்கள் கொடுத்தது பருத்திப் போர்வை, மரகதம், எல்லாவற்றுக்கும் மேலாக உப்பு. சிப்பாகிராவிலும் நெமோகோனிலும் உவர்நீரைப் பெரிய மண்பானைகளில் ஊற்றிக் காய்ச்சுவார்கள். நீர் வற்ற வற்ற மேலும் ஊற்றுவார்கள். உப்பு பானையின் வடிவத்திலேயே கட்டியாக இறுகியதும் பானையை உடைத்து எடுப்பார்கள். ஒரு கட்டிக்கு ஒரு பானை போயிற்று. அந்த ஓட்டுச்சில்லுகள் மேடுமேடாகக் குவிந்து கிடந்ததை வைத்துத்தான் அகழாய்வாளர்கள் இந்தத் தொழிலை அறிந்தார்கள்.

1536-இல் கடற்கரை ஊரான சாந்தா மார்த்தாவிலிருந்து கிளம்பிய ஸ்பானியத் தளபதி கெசாதாவின் படைக்கு வழிகாட்டியதும் இந்த உப்புக்கட்டிகள்தாம். மக்தலேனா ஆற்றங்கரையில் அவற்றைக் கண்டதும், இவை வரும் திசையில் செல்வந்த நாடு இருக்க வேண்டும் என்று கணித்து மலையேறினார்கள். பசியிலும் நோயிலும் செத்தவர்கள் போக, 1537-இல் முயிஸ்காக்களின் மேட்டுநிலத்தை எட்டியவர்கள் 200 பேருக்கும் குறைவு.

இனி உங்கள் ‘அழிந்துபோன’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அதை நான் ஏற்கவில்லை. அவர்களின் மொழி 18ஆம் நூற்றாண்டில் பேச்சிலிருந்து மறைந்தது உண்மை. அதன் பிறகு பொது நிலங்களைக் கூறுபோட்டு, அந்த மக்களை வெறும் ‘விவசாயிகள்’ என்று பதிந்துகொண்டார்கள். ஏட்டில் இனம் காணாமல் போனது, ஆட்கள் காணாமல் போகவில்லை. இன்று செஸ்கிலே, கோட்டா, சியா, சுபா, போசா ஆகிய இடங்களில் முயிஸ்கா சமூக அவைகள் அரசு அங்கீகாரத்துடன் இயங்குகின்றன. சுபாவும் போசாவும் பொகோட்டா மாநகருக்குள்ளேயே இருக்கின்றன. நகரம் வந்து அவர்களுடைய வயல்களை விழுங்கியது, அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். இவர்களைப் போலி முயிஸ்காக்கள் என்று சொல்பவர்களும் அந்நாட்டில் உண்டு. பெயரைப் பறித்தவர்களே சான்றிதழும் கேட்பது எல்லா நாட்டிலும் நடப்பதுதான்.

சுற்றுலா வியாபாரம் நடக்கிறதா என்றால், நடக்கிறது. ஆனால் செஸ்கிலே முயிஸ்காக்கள் வாழ்வது அந்த ஏரி இருக்கும் அதே எல்லைக்குள். காணொளி எடுத்தவர் பொம்மைக் கடையிலிருந்து வண்டியேறி அங்கே போயிருந்தால் உங்கள் கேள்வியை அவர்களிடமே கேட்டிருக்கலாம்.