கொழிஞ்சாம்பாறை டீச்சரிடம் சில கேள்விகள்

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில், பிளஸ் டூ பிள்ளைகளையும் அயல்கூட்டத்து (குடும்பஸ்ரீ மகளிர் குழு) பெண்களையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, ஊர்ப் பிரச்சினையை ஊர்க்காரர்களே தீர்ப்பது எப்படி என்று பத்து சனிக்கிழமை வகுப்பு எடுக்கிறேன். இது மூன்றாம் வருஷம். அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

டீச்சர், முதல் நாள் எந்தப் பிரச்சினையை எடுப்பது?

நீங்கள் எடுக்காதீர்கள். முதல் வருஷம் நானே "பிளாஸ்டிக் குப்பை" என்று போர்டில் எழுதிவிட்டேன். பிள்ளைகள் அழகாகப் போஸ்டர் வரைந்தார்கள், ஒட்டினோம். மழை பெய்தது. போஸ்டரும் குப்பையோடு சேர்ந்தது.

எங்கள் வடகரப்பதியில் யாரைக் கேட்டாலும் "தண்ணீர் இல்லை" என்கிறார்கள். எங்கே தொடங்க?

அப்படியே விட்டால் பேச்சு நேரே தமிழ்நாடும் கேரளமும் தண்ணீர் பங்கிடும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்குப் போய்விடும். 1970 ஒப்பந்தம், மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு வருஷத்துக்கு 7.25 டிஎம்சி, வந்ததா வரவில்லையா என்று டீக்கடையில் தினமும் நடக்கிற வழக்கு. பெரிய விஷயம்தான், ஆனால் பத்து சனிக்கிழமையில் தீராது. எந்தத் தெரு, எந்தக் குழாய், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

எங்கள் வகுப்பில் ஒரு அக்கா, ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் என்று போனில் பார்த்து எழுதிவந்தார். மேட்டுத்தெருவில் 9 நிமிஷம், பள்ளத்தில் 2. தண்ணீர் விடுவதே ஒரு மணி நேரம். அப்புறம் பள்ளத்தில் போய்ப் பார்த்தால், நாலு குழாய்க்குத் திருகே இல்லை. குடத்தை எடுத்த பிறகும் கொட்டிக்கொண்டிருக்கிறது. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுத் திருகு வாங்கி மாட்டினார்கள். மேட்டில் 9 நிமிஷம் 5 ஆயிற்று. முழுசாகத் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன்.

மலையாளம் சரியாக வராதவர்கள் கிராம சபையில் என்ன செய்வது?

தமிழில் பேசுங்கள். மனுவையும் தமிழில் எழுதுங்கள். தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்குக் கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டத்திலேயே அந்த உரிமை உண்டு. பதிலும் தமிழில் வர வேண்டும். எங்களுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து மலையாளத்தில்தான் வந்தது, அது வேறு கதை. வகுப்பிலேயே சின்னவள் படித்துச் சொன்னாள்.

இன்னொன்று. இங்கே கிராம சபை வார்டுக்கு வார்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும். வாக்காளர்களில் பத்தில் ஒருவராவது வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுவதற்கு வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை. வாசலில் நின்று தலை எண்ணிக்கொண்டிருக்கும் வார்டு மெம்பருக்கு, நீங்கள் இருபது பேராகப் போனால் சந்தோஷம்தான்.

மார்க் உண்டா?

இல்லை. நோட்டை மட்டும் பார்ப்பேன்.

பெரியவர்கள் முன்னால் பிள்ளைகள் வாய் திறப்பார்களா?

அபிப்பிராயம் சொன்னால் "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்பார்கள். அதனால் எழுதிவந்த கணக்கை மட்டும் வாசிக்கச் சொல்வேன். "ஒரு குடத்துக்கு ஒன்பது நிமிஷமா, சும்மா சொல்லாதே" என்று ஒரு தாத்தா சபையிலேயே சண்டைக்கு வந்தார். மறுநாள் காலையில் அவரே குடத்தோடு போய் நின்றிருக்கிறார். எட்டரைதான் என்று வந்து சொன்னார்.