துணி பொம்மை: வாங்குவதா, வீட்டில் தைப்பதா?

கேள்வி: பேத்திக்கு அடுத்த மாதம் ஒரு வயது நிறைகிறது. மகள் வீடு குமுளியில். இங்கே கம்பத்தில் ஒரு கடையில் துணி பொம்மை பார்த்தேன். ‘கையால் தைத்தது, உள்ளே சுத்தமான இலவம் பஞ்சு’ என்றார்கள். அட்டையில் முத்திரை எதுவும் இல்லை. வாங்கலாமா, இல்லை நானே தைத்துக் கொடுக்கலாமா? வீட்டில் தையல் மெஷின் இருக்கிறது. நான் தைத்தால் இலவம் பஞ்சு வைக்கலாமா?

பதில்: நீங்களே தையுங்கள் அம்மா. ஒரு வயதுக் குழந்தை எதையும் முதலில் வாயில்தான் வைக்கும். உள்ளே என்ன இருக்கிறது, தையல் எவ்வளவு இழுப்புக்குத் தாங்கும் என்று உங்களுக்கே தெரிந்த பொம்மைதான் அந்த வயதுக்குச் சரி.

முதலில் முத்திரை விஷயம். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொருட்களை 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. துணி பொம்மைக்கும் இது பொருந்தும். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. ஆகவே ‘கையால் தைத்தது’ என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் போதாது. தைத்தவர் அப்படிப் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம். சொந்தப் பேத்திக்கு வீட்டில் தைப்பதற்கு எந்த முத்திரையும் தேவையில்லை.

அடுத்தது பஞ்சு. போடிப் பக்கத்து இலவம் பஞ்சில் படுத்து வளர்ந்தவர்கள் நாம். தலையணைக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் பொம்மைக்கு வேண்டாம். இலவம் இழை வழுவழுப்பானது, மெழுகுப் பூச்சு உள்ளது. தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. அதனால்தான் ஒரு காலத்தில் உயிர்காப்பு அங்கிகளில் அதை அடைத்தார்கள். தலையணையை நாம் துவைப்பதில்லை, வெயிலில் காயவைத்து உறை மாற்றுகிறோம். குழந்தையின் பொம்மையோ எச்சிலும் பாலும் சோறும் பட்டு அடிக்கடி துவைக்க வேண்டியது. துவைத்தால் இலவம் பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டுவிடும், உள்ளே காய நாளாகும், ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். தையல் கொஞ்சம் விட்டாலும் தூசாகப் பறந்து மூக்கில் ஏறும். நெருப்பையும் சட்டென்று பிடிக்கும்.

‘ரெக்ரான் பஞ்சு’, ‘ஃபைபர் பஞ்சு’ என்று கேட்டால் தலையணைக் கடையிலேயே கொடுப்பார்கள், இரண்டும் பாலியஸ்டர்தான். அதை வையுங்கள். துவைத்தாலும் சீக்கிரம் காயும். ஒரு முழத்துக்கும் குறைவான பொம்மைக்குக் கால் கிலோ வாங்கினால் மிச்சம் இருக்கும். பஞ்சில் சந்தேகம் இருந்தால் ஒரு சிட்டிகையை இடுக்கியில் பிடித்து, சமையலறைத் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தியும் இலவமும் காகிதம் எரிகிற மணத்தோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். கடையில் இலவம் என்று சொல்லி ஃபைபரை விற்கிறார்களா என்பதும் இதில் தெரிந்துவிடும். பீரோவில் கிடக்கும் பழைய காட்டன் சேலையை மெல்லிய துண்டாக நறுக்கி அடைப்பதும் நல்ல வழிதான், பொம்மை கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான்.

உடம்புக்குக் காடா துணி அரை மீட்டர் போதும். வெந்நீரில் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் துவையலிலேயே சுருங்கித் தையலை இழுக்கும். பாவாடை சட்டைக்குச் சுங்குடித் துண்டு அழகாக இருக்கும். ஆனால் ஈரமான வெள்ளைத் துணியால் அதை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துண்டு வேண்டாம்.

தைக்கும்போது பாலியஸ்டர் நூல், பொடித் தையல், ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டு ஓட்டம். கை கால்களைத் தனியாகத் தைத்துப் பஞ்சு அடைத்து, உடம்பின் இரண்டு துணிகளுக்கும் நடுவே வைத்துச் சேர்த்துத் தையுங்கள். பிறகு வெளியே ஒட்டவைத்துத் தைத்தால் குழந்தை இழுத்த இழுப்பில் கழன்று வரும். பஞ்சைச் சிறு சிறு உருண்டையாக, முனையிலிருந்து அடைத்து வாருங்கள். கழுத்தில் இறுக்கமாக அடைக்காவிட்டால் தலை தொங்கிவிடும், அந்த இடத்துக்குக் கூடுதல் பொறுமை வேண்டும்.

கண்ணுக்குப் பட்டன் வைக்கவே வேண்டாம். மணி, ஜமிக்கி, சலங்கை எதுவும் வேண்டாம். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். அதற்குள் அடங்குகிற எந்தத் துண்டும் தொண்டையில் சிக்கக்கூடியது என்பது கணக்கு. சட்டைப் பட்டன் அதில் தாராளமாக அடங்கும். கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் எம்பிராய்டரி நூலில் போட்டுவிடுங்கள். முடிக்கு உல்லன் நூலை நீளமாகத் தொங்கவிடாமல், குட்டையாக வைத்துத் தலையோடு சேர்த்துத் தையுங்கள். நீள நூல் குழந்தையின் விரலில் சுற்றிக்கொள்ளும்.

தைத்து முடித்ததும் குண்டூசிகளை எண்ணிப் பாருங்கள், ஒரு காந்தத்தைப் பொம்மை முழுக்கத் தடவிப் பாருங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிறந்தநாளுக்கு முன்பே கொடுப்பதாக இருந்தால், தூங்கும்போது பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். ஒரு வயதுவரை தூங்கும் இடத்தில் மெத்தென்ற பொருள் எதுவும் கூடாது.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் துணி பொம்மை தைத்துத் தேக்கடிக்கு வருபவர்களுக்கு விற்க நினைக்கிறோம். உரிமம் வேண்டுமா?

பதில்: மேலே சொன்ன கைவினைஞர் பதிவை முதலில் வாங்குங்கள். தைக்கிற ஒவ்வொருவரும் பதிவு செய்வது நல்லது. பதிவு இல்லையென்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை போடுவதற்கான பி.ஐ.எஸ். உரிமம் எடுக்க வேண்டியிருக்கும், சிறு குழுவுக்கு அந்தச் செலவு தாங்காது.

கேள்வி: மூணாறில் வாங்கிய பொம்மையின் கண் இரண்டாம் நாளே கழன்று பையன் வாயில் இருந்தது. நல்லவேளை பார்த்துவிட்டோம். கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார், பில்லும் தரவில்லை. நாங்கள் போடியில் இருக்கிறோம். கேரளாவில் போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு இது பெரிய உதவி. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள், பல கடைகள் அதிலேயே வழிக்கு வரும். வராவிட்டால் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் அவசியமில்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தால் போதும்.

பில் தராததே சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைதான். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. திருப்பிக் கொடுக்கப் பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு, ஆகவே தாமதிக்காமல் எழுத்தில் கேளுங்கள். ஜிபேயில் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவு, கழன்ற கண்ணின் போட்டோ, கடைக்காரருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாம் சாட்சிதான். பொம்மையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கண்ணோடு சேர்த்து ஒரு பையில் கட்டி, பையன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.