தொகுதி எல்லையும் தலைக்கணக்கும்: வாசகர் கேள்விகள், வழக்கறிஞர் பதில்கள்

மக்களவையில் தமிழகத்தின் 39 இடங்களைக் குறைக்கக் கூடாது என்று இப்போதே உயர் நீதிமன்றத்தில் தடை வாங்க முடியுமா? (சேலம்)

முடியாது. மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது அரசியலமைப்பின் 81-வது பிரிவு சார்ந்தது. 1971 மக்கள்தொகைக் கணக்கை வைத்து இட எண்ணிக்கையை மாறாமல் நிறுத்திவைத்தது 1976-ன் 42-வது திருத்தம். 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டித்தது 84-வது திருத்தம். இரண்டும் நாடாளுமன்றம் செய்தவை. புதிய திருத்தம் வந்தால் அதை எதிர்த்து வழக்குப் போடலாம். அது வேறு வழக்கு. அதற்காக, குறையவே குறையாது என்று இருந்துவிடாதீர்கள். 1962-ல் 41 பேரை அனுப்பிய மாநிலம் 1967-ல் 39 பேரைத்தான் அனுப்பியது.

எங்கள் தொகுதி எத்தனை காலத்துக்குத் தனித்தொகுதியாகவே இருக்கும்? சுழற்சி முறை கிடையாதா? (தென்காசி)

உள்ளாட்சியில் உண்டு; சட்டமன்றத்திலும் மக்களவையிலும் கிடையாது. தொகுதி எல்லைகளைத் திருத்தி வகுக்கும் அடுத்த மறுவரையறை வரை அப்படியேதான். உங்கள் ஊர் விவகாரமே உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் 2021-ல் தள்ளுபடியானது. ஆனால் அதே தீர்ப்பில், குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த மாநிலம் 2 எம்.பி.க்களை இழந்ததற்கு ஈடு என்ன என்று நீதிபதிகள் மத்திய அரசைக் கேட்டார்கள். தேடிப் படியுங்கள்.

2008-ல் எங்கள் மக்களவைத் தொகுதியையே எடுத்துவிட்டார்கள். மாவட்டம் நான்காகச் சிதறிக் கிடக்கிறது. இப்போது ரிட் போட்டால் என்ன? (புதுக்கோட்டை)

உங்கள் கோபம் நியாயமானது. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சியில், விராலிமலை கரூரில், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையில், அறந்தாங்கி ராமநாதபுரத்தில். ஒரு மாவட்டத்துக்காரர்கள் குறை சொல்ல நான்கு எம்.பி.க்களைத் தேட வேண்டும். ஆனால் ரிட் நிற்காது. சட்டமன்றத் தொகுதி ஒவ்வொன்றும் முழுசாக ஒரே மக்களவைத் தொகுதிக்குள் அடங்க வேண்டும் என்றுதான் 2002 மறுவரையறைச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. மாவட்ட எல்லையை ‘இயன்றவரை’ பார்த்தால் போதும். அரசிதழில் வெளியான மறுவரையறை ஆணை சட்டத்துக்குச் சமம், நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் 1966-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024-ல் குஜராத்தின் பர்தோலி வழக்கில் கதவு கொஞ்சம் திறந்தது: அப்பட்டமாகத் தான்தோன்றித்தனமான, அரசியலமைப்புக்கு ஒவ்வாத ஆணையை நீதிமன்றம் பார்க்கலாம். அந்தச் சந்து வழியாக 2008-க்குத் திரும்பிப் போக முடியாது.

என் ஆதங்கம் வேறு. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இறுதி ஆணை அரசிதழில் வெளியான பிறகுதான் வருகிறார்கள். வரைவு அரசிதழிலும் நாளிதழ்களிலும் வருகிறது, ஆட்சேபணைக்குத் தேதி கொடுக்கிறார்கள், பொது விசாரணை வைக்கிறார்கள். அப்போது ஊர் தூங்குகிறது. ‘எம்.எல்.ஏ. பார்த்துக்கொள்வார்’ என்கிறார்கள். மறுவரையறை ஆணையத்தில் இணை உறுப்பினர்களாக மாநிலத்துக்கு 5 எம்.பி., 5 எம்.எல்.ஏ. உட்காருவார்கள், அவர்களுக்கு ஓட்டும் இல்லை, கையெழுத்தும் இல்லை. பேச வேண்டியது நீங்கள்தான்.

வருகிற ஆட்சேபணைகளும் உருப்படியாக இருப்பதில்லை. ‘எங்கள் பகுதி மக்கள் கொந்தளிப்பில் உள்ளனர்’ என்று ஒரு பக்கம், கீழே 300 கையெழுத்து. எந்த அதிகாரி இதை வைத்து எல்லையை நகர்த்துவார்? உள்ளாட்சி வார்டு எல்லை என்றால் இப்படி எழுதுங்கள்: ‘வரைவில் 12-வது வார்டில் சேர்த்துள்ள வடக்குத் தெரு, கதவு எண் 1 முதல் 46 வரை, ஓடைக்கு மேற்கே உள்ளது. வாக்குச்சாவடிக்குப் போக ரயில் பாதையைக் கடக்க வேண்டும். 11-வது வார்டில் சேர்த்தால் இரண்டு வார்டின் மக்கள்தொகையும் கிட்டத்தட்டச் சமமாகும்.’ வரைபடம் இணையுங்கள். ஒப்புதல் சீட்டு வாங்குங்கள். சீட்டு இல்லாத ஆட்சேபணை கொடுக்காத ஆட்சேபணைதான்.

வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே எண்ண வேண்டுமா? வீட்டு உரிமையாளர் ‘அவர்கள் ஊரில் எண்ணிக்கொள்ளட்டும்’ என்கிறார். (திருப்பூர்)

கணக்கெடுக்கும் காலத்தில் இங்கே தங்கியிருப்பவரை இங்கேதான் எண்ண வேண்டும். ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல் இரண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பனியன் கம்பெனி விடுதியில் 8 பேர் படுக்கும் அறையை ‘பூட்டிய வீடு’ என்று எழுதிவிட்டுப் போனால் நஷ்டம் உங்கள் ஊருக்கு: தண்ணீர், பள்ளி, வார்டு எல்லாம் அந்த எண்ணிக்கையில்தான் நிற்கின்றன.

ஆளுக்கு இரண்டு பேரைக் கூட்டிச் சொன்னால் நம் மாநிலத்துக்கு இடம் கூடும்தானே? (பெயர், ஊர் இல்லை)

இப்படி எழுத வெட்கமாக இல்லையா? வேண்டுமென்றே பொய் சொல்வது கணக்கெடுப்புச் சட்டப்படி குற்றம். நாகாலாந்தைப் பாருங்கள். 1991-ல் 12 லட்சம், 2001-ல் ஏறக்குறைய 20 லட்சம். பத்தே ஆண்டில் 60 சதவீதத்துக்கு மேல்! 2011-ல் ஒழுங்காக எண்ணியபோது கொஞ்சம் குறைந்தே போனது. 2008-ல் பல மாநிலங்களில் மறுவரையறை நடந்தபோது நாகாலாந்தில் தள்ளிப்போட்டார்கள். கள்ளக் கணக்கால் அங்கே யாருக்கும் இடம் கூடவில்லை.

நான் சொல்லும் சாதி, வருமான விவரத்தைப் போலீசோ வரித்துறையோ கேட்டு வாங்க முடியுமா? (மதுரை)

முடியாது. 1948 கணக்கெடுப்புச் சட்டம், 15-வது பிரிவு.

2011-ல் எங்கள் தெருவுக்கு யாருமே வரவில்லை. இந்த முறையும் வராவிட்டால்? (ஆவடி)

2011-ல் நாடு முழுக்க ஆயிரத்துக்குச் சுமார் 23 பேர் விடுபட்டார்கள், நகரங்களில் அதிகம். அதை அரசின் பிற்சரிபார்ப்பே சொன்னது. 2027 பிப்ரவரியில் ஆள் எண்ணும் பணி முடியும்வரை காத்திருக்காதீர்கள். பக்கத்துத் தெருவுக்கு வந்து உங்கள் தெருவுக்கு வரவில்லை என்றால் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்: நகரத்தில் ஆணையரிடம், கிராமத்தில் தாசில்தாரிடம். தெரு, கதவு எண்கள், தேதி குறிப்பிடுங்கள். ஒப்புதல் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.