ஆச்சி பதில்கள்: பாட்டு கேட்டால் இங்கிலீஷ் வருமா?

கேள்வி: வணக்கம் ஆச்சி. பழைய வீடுகளைச் சுற்றிக்காட்டும் வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் 'திஸ் இஸ் பர்மா டீக், திஸ் இஸ் ஆத்தங்குடி டைல்ஸ்' என்பதோடு நின்றுவிடுகிறேன். பாப் பாட்டு கேட்டாலே வார்த்தை வந்துவிடும் என்கிறான் நண்பன். வருமா?
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: வரும் தம்பி. ஆனால் சும்மா ஓடவிட்டுக் கேட்டால் மெட்டுதான் மனசில் நிற்கும். ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பென்டர்ஸ் என்ற அமெரிக்க அண்ணன் தங்கை 1973-இல் வெளியிட்ட 'யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்' உங்களுக்குப் பொருந்தும். தங்கை கேரனுக்குத் தாழ்ந்த குரல். அவசரப்படாமல், சொல் சிதையாமல் பாடுவார். சின்ன வயதில் ரேடியோவில் பிடித்த பாட்டுக்குக் காத்திருந்ததைப் பற்றிய பாட்டு.

முதலில் வரிகளைப் பார்க்காமல், காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். அப்புறம் வரிகளை எடுத்து ஒத்துப் பாருங்கள். தொடக்கத்திலேயே ஒன்று விட்டுப்போயிருக்கும். 'ஐ வுட் லிசன்' என்பது 'ஐட் லிசன்' என்று சுருங்கி, அந்த 'ட்' காதில் விழாமலே போய்விடும். அந்தக் காலத்தில் வழக்கமாகச் செய்ததைச் சொல்லும் 'வுட்' அது. உங்கள் தொழிலுக்கு இதுதான் முதலில் வேண்டும்! முகப்புத் திண்ணையைக் காட்டி 'தி மென் வுட் சிட் ஹியர்' என்று சொல்லுங்கள். வளவில், அதாவது உள் முற்றத்தில் நின்று, 'தி விமன் வுட் டிரை சில்லீஸ் ஹியர்' என்று சொல்லுங்கள். மரத்தையும் கல்லையும் விட்டு, அங்கே வாழ்ந்தவர்களின் கதை தொடங்கிவிடும். அதைக் கேட்கத்தானே அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள்.

ஒற்றை வார்த்தைகளாக மனப்பாடம் செய்யாதீர்கள். அதே பாட்டில் 'சிங் அலாங்' வரும். அதை அப்படியே ஜோடியாக எடுங்கள். 'வாக் அலாங்', 'கம் அலாங்' எல்லாம் பின்னாலேயே வரும்.

எல்லாப் பாட்டிலும் இலக்கணத்தை நம்ப முடியாது. ரோலிங் ஸ்டோன்ஸ் 1965-இல் பாடிய 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டில் 'கான்ட் கெட் நோ' என்று இரண்டு மறுப்பு வரும். பேச்சில் உண்டு, பரீட்சைத் தாளில் தப்பு. 'கோயிங் டு' என்பது 'கானா' என்றும், 'வான்ட் டு' என்பது 'வானா' என்றும் பாட்டில் சுருங்கும். இரண்டும் காதுக்குப் பழகட்டும். நீங்கள் 'கோயிங் டு', 'வான்ட் டு' என்றே முழுசாகச் சொல்லுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் வந்தால் அவர்களுக்கும் ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், முழுசாகச் சொன்னால்தான் புரியும்.

பில்லர், பீம், கோர்ட்யார்டு, லைம் பிளாஸ்டர் எல்லாம் காதல் பாட்டில் கிடைக்காது. அவற்றைத் தனி நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு 'வுட்' வாக்கியம் சேர்த்து, வீடு காலியாக இருக்கும்போது சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.