தம்பி தோற்றுவிட்டான், இனி பாக்சிங் வேண்டாமா?

கேள்வி: காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 20 வயது, 97 கிலோ, ஐந்தடி பத்து அங்குலம். ஹெவிவெயிட்டில் நான்கு முறை ஜெயித்தவன். மாநிலப் போட்டியில் இரண்டாவது ரவுண்டிலேயே ரெஃப்ரி சண்டையை நிறுத்திவிட்டார். இதுதான் முதல் தோல்வி. மூன்று வாரமாக ஜிம் பக்கம் போகவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறான், டிவி சத்தம்கூடப் பிடிக்கவில்லை, எல்லோரிடமும் எரிந்து விழுகிறான். அவமானத்தில் இருக்கிறான் என்று விட்டுவிட்டோம். ஏரியாவில் ஒருவர், "இனி அமெச்சூரில் இவனுக்கு ஒன்றும் இல்லை, புரொஃபஷனல் ஆக்கிவிடுகிறேன், அடுத்த மாதம் பாங்காக்கில் சண்டை" என்று சொல்லி ஒன்றரை லட்சம் கேட்கிறார். நாங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை கிடைக்கும் என்று நம்பியிருந்தோம். அவனுக்கு எதிர்காலம் உண்டா?

பதில்: முதலில் அந்த ஜன்னலைப் பற்றிப் பேசுவோம் அம்மா, பாங்காக்கை அப்புறம் பார்க்கலாம்.

வெளிச்சம் ஆகவில்லை, சத்தம் ஆகவில்லை, சிடுசிடுப்பு, எந்நேரமும் படுக்கை. இதை அவமானம் என்று நீங்கள் படிக்கிறீர்கள். முப்பது வருஷமாக வியாசர்பாடியில் பையன்களுக்குக் கிளவுஸ் மாட்டிவிடுகிற நான் வேறு மாதிரி படிக்கிறேன். தலையில் பலமாக அடி விழுந்தால் மூளை உள்ளே குலுங்கும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். மூன்று வாரம் ஆகியும் ஜன்னல் திறக்கவில்லை என்றால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான், நரம்பியல் ஓபிக்குக் கூட்டிப்போங்கள். தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ ஓபி நேரத்துக்குக் காத்திருக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவு.

நீங்களும் டாக்டர் அறைக்குள் போங்கள். இந்தப் பையன்கள் உள்ளே போய், "மாடிப்படியில் வழுக்கிட்டேன் சார்" என்பார்கள். பாக்சிங் என்று சொன்னால் ஆடக்கூடாது என்று எழுதிவிடுவாரோ என்று பயம். பாக்சிங்கில் தலையில் வாங்கிய அடி, இந்தத் தேதி, ரெஃப்ரி சண்டையை நிறுத்திவிட்டார் என்று நீங்களே சொல்லுங்கள்.

சர்வதேச அமெச்சூர் விதிகளில் நெடுநாளாக ஒரு கணக்கு உண்டு. தலையில் வாங்கிய அடியால் சண்டை நின்றால் குறைந்தது 30 நாள் ஓய்வு. நினைவு தப்பினால் 90 நாள். ஒரு நிமிடத்துக்கு மேல் தப்பியிருந்தால் 180 நாள். போட்டி மட்டுமல்ல, ஸ்பாரிங்கும், அதாவது ஜிம்மில் போடும் பயிற்சிச் சண்டையும் கூடாது. சண்டையை நிறுத்தியது வேறு காரணத்துக்காக என்றால் இந்தக் கணக்கு கிடையாது. விலாவில் வாங்கி மடங்கினான், புருவம் கிழிந்து ரத்தம் வந்தது, இப்படி. ஆனால் ஒன்று: "மூச்சு வாங்கிப்போச்சு, அதான் நிறுத்தினாங்க" என்று பையன் சொல்வதை இந்த விலக்கில் சேர்க்காதீர்கள். மூச்சு வாங்குகிறவன் கை இறங்கும். கை இறங்கினால் அடி தலையில்தான் விழும். களைப்பில் நின்ற சண்டை என்பார்கள், வீடியோவைப் பார்த்தால் கடைசி இருபது விநாடியில் தலை பத்து முறை பின்னால் போயிருக்கும். விலாவில் வாங்கியவனும் அப்படித்தான், குனிந்த அடுத்த நொடி மேலே வாங்கியிருப்பான். யாராவது போனில் எடுத்திருப்பார்கள், வாங்கிப் பாருங்கள். எலைட் என்கிற பெரியவர் பிரிவில் ஆண்களுக்கு 2013-லிருந்து ஹெட்கார்டும், அதாவது தலைக்கவசமும் கிடையாது.

இந்த ஓய்வு நாளை எல்லாம் வீரரின் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். யார் எழுதுகிறார்கள்? என் பையன் ஒருவன் ஒரு போட்டியில் விழுந்து எழுந்தான். புத்தகத்தை நீட்டினால், டாக்டர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். பன்னிரண்டாம் நாள் இன்னொரு போட்டியில் அவன் பெயர் பட்டியலில் இருந்தது. நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். போட்டித் தேதியை முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் சொல்கிறவர்களிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

இப்போது அந்த ஒன்றரை லட்சத்துக்கு வருவோம். இந்தத் தொழிலில் அடி வாங்குகிறவன் காசு வாங்குவான், கொடுக்க மாட்டான். டிக்கெட், விசா, தங்குமிடம், சம்பளம் எல்லாம் சண்டை நடத்துகிறவர் பொறுப்பு. உங்களிடம் பணம் கேட்கிறார் என்றால் அவர் இரண்டு பக்கமும் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியூரில் நடப்பது இதுதான்: அங்கே வளர்த்துவிட வேண்டிய உள்ளூர்ப் பையன் ஒருவன் இருப்பான். அவன் கணக்கில் ஏற்ற வெற்றி வேண்டும். ஹெவிவெயிட்டில் ஆள் கிடைப்பது கஷ்டம். புரொஃபஷனலில் 200 பவுண்டு, அதாவது 90.7 கிலோவைத் தாண்டினால் ஹெவிவெயிட். 97 கிலோவில், தோற்று மனசு உடைந்த, இங்கிலீஷ் கான்ட்ராக்ட் படிக்காத பையன் என்றால் அவர்களுக்கு லட்டு மாதிரி. அந்தத் தோல்வி இணையப் பதிவேட்டில் ஏறினால் ஆயுசுக்கும் இருக்கும்.

அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எதிராளி யார், இதுவரை எத்தனை சண்டை? லைசென்ஸ் எந்த அமைப்பு தருகிறது? மூளை ஸ்கேன் கேட்டார்களா? இங்கிலாந்தில் ஸ்கேன் இல்லாமல் லைசென்ஸே கிடையாது. "அதெல்லாம் அங்கே போய்ப் பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் டீயைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பாஸ்போர்ட்டை மட்டும் கொடுக்காதீர்கள்.

சரி, தோல்வி. நான்கு வெற்றி என்கிறீர்கள். அதில் எத்தனை நிஜமான சண்டை என்று அவனிடம் மெதுவாகக் கேளுங்கள். நம் ஊரில் இந்த எடையில் மாவட்டத்துக்கு இரண்டு, மூன்று பேர்தான் வருவார்கள். எடை பார்க்கும் மேடையில் ஏறினாலே மெடல், எதிராளி வராவிட்டால் வெற்றி. அப்படி ஜெயித்தவன் முதல்முறையாகத் தன் எடையில் ஒருவன் திருப்பி அடிப்பதைப் பார்த்திருப்பான். இது அவன் குற்றமில்லை. 70 கிலோப் பையனோடு ஸ்பாரிங் செய்து 110 கிலோக்காரனுக்குத் தயாராக முடியாது.

லண்டனின் ஹெவிவெயிட் வீரர் டேனியல் டுபுவா 2020 நவம்பரில் ஜோ ஜாய்சிடம் தோற்றபோது வயது 23. கண்ணைச் சுற்றிய எலும்பு உடைந்து, பத்தாவது ரவுண்டில் தானே முட்டி போட்டுச் சண்டையை விட்டுவிட்டார். அதுதான் அவருக்கும் முதல் தோல்வி. பயந்தாங்கொள்ளி என்று பழைய சாம்பியன்களே பேசினார்கள். அடுத்த சண்டைக்கு ஆறு மாதம் எடுத்துக்கொண்டார். 2024 செப்டம்பரில் வெம்ப்லி மைதானத்தில் முன்னாள் உலக சாம்பியன் அந்தோனி ஜோஷுவாவை ஐந்தாவது ரவுண்டில் சாய்த்தார். நம் நாட்டில் சதீஷ்குமார் டோக்கியோ ஒலிம்பிக் போனபோது வயது 32, சூப்பர் ஹெவிவெயிட் என்கிற உச்ச எடைப் பிரிவில் ஒலிம்பிக் போன முதல் இந்தியர் அவர். பெரிய உடம்பு மெதுவாகத்தான் பழுக்கும். எலைட் பிரிவில் 40 வயது வரை ஆடலாம்.

உங்கள் தம்பியின் உயரத்துக்கு 97 கிலோ அதிகம் என்று படுகிறது. புதிய எடைப் பிரிவுகளில் 90-க்கு மேல் உச்சவரம்பே கிடையாது, 120 கிலோக்காரனும் அதே பிரிவில் வருவான். டாக்டர் அனுமதித்த பிறகு ஆறேழு மாதத்தில் பொறுமையாக 90-க்குள் இறங்கினால் அவன் அளவுக்கு எதிராளி கிடைப்பான். பட்டினி போட்டோ, பிளாஸ்டிக் கோட்டு போட்டு ஓடியோ இறக்கக் கூடாது. ஜிம்மில் விற்கிற டப்பாப் பவுடரும் வேண்டாம், ஊக்கமருந்து பரிசோதனையில் மாட்டினால் எல்லாம் போச்சு.

ரயில்வே வேலைக்கு ஒரு மாநிலப் போட்டித் தோல்வி தடையில்லை. மாநில அணியில் இடம் பிடித்துத் தேசியப் போட்டியில் ஏதாவது செய்ய வேண்டும். அதற்கு அவனுக்கு வருஷங்கள் இருக்கின்றன. தமிழக அரசு வேலையிலும் 3 சதவீதம் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. "நேஷனல்" என்று பெயர் வைத்து யாரோ மண்டபத்தில் நடத்தும் போட்டிச் சான்றிதழ் எதற்கும் ஆகாது. அங்கீகாரம் பெற்ற சங்கமா என்று விசாரித்துவிட்டு நுழைவுக் கட்டணம் கட்டுங்கள்.

நாளைக் காலை ஓபிக்குப் போங்கள். ஆட்டோவில் போங்கள். டாக்டர் சொல்லும்வரை அவன் பைக் சாவி உங்களிடம் இருக்கட்டும்.