முழுப் பிரதியை அனுப்புங்கள் என்று முகவர் கேட்டால்

கேள்வி: ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி, நியூயார்க்கிலுள்ள 12 இலக்கிய முகவர்களுக்கு அறிமுகக் கடிதம் அனுப்பினேன். ஐந்து பேர் மறுத்துவிட்டார்கள். ஒருவர் முதல் 50 பக்கங்களையும் இன்னொருவர் முழுக் கைப்பிரதியையும் கேட்டிருக்கிறார்கள். ஐம்பதாவது பக்கம் ஓர் அத்தியாயத்தின் நடுவில் முடிகிறது. கடைசி மூன்று அத்தியாயங்களில் எனக்குத் திருப்தியில்லை. அவற்றைத் திருத்த இரண்டு மாதமாவது ஆகும். நான் என்ன செய்ய வேண்டும்?
(கோவை வாசகி)

பதில்: முதலில் என் மனமார்ந்த வாழ்த்துகள். நம்மூரில் எழுத்தாளர் கைப்பிரதியை நேராகப் பதிப்பாளரிடம் கொடுப்பதே வழக்கம் என்பதால், இந்தக் கட்டத்தின் மதிப்பு உங்களைச் சுற்றியிருப்பவர்களுக்குப் புரியாமல் போகலாம். அமெரிக்காவின் பெரிய பதிப்பகங்கள் முகவர், அதாவது எழுத்தாளர் சார்பில் நாவலைப் பதிப்பகத்துக்கு விற்றுத் தருபவர், வழியாக வராத நாவல்களைப் பொதுவாக ஏற்பதில்லை. முகவர்களோ தமக்கு வரும் கடிதங்களில் மிகச் சிலவற்றுக்கே பிரதியைக் கேட்கிறார்கள். 12 பேரில் இருவர் கேட்டிருக்கிறார்கள் என்றால் உங்கள் கடிதம் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. ஆனால் இது வாக்குறுதி அல்ல. முழுப் பிரதியைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகும் முகவர்கள் மறுப்பதே அதிகம் என்பதை மனத்தில் கொண்டு, மற்ற முகவர்களுக்கு எழுதுவதை நிறுத்தாதீர்கள்.

ஐம்பதாவது பக்கத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அதற்கு அருகில் அத்தியாயமோ காட்சியோ எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்துங்கள். 47 பக்கமானாலும் 53 பக்கமானாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் 50 என்று கேட்டவருக்கு 80 பக்கம் அனுப்பாதீர்கள். எழுத்தளவையும் வரி இடைவெளியையும் குறைத்துக் கூடுதல் பக்கங்களை உள்ளே திணிக்கவும் வேண்டாம். டைம்ஸ் நியூ ரோமன் எழுத்து, 12 புள்ளி அளவு, இரட்டை வரி இடைவெளி, நாற்புறமும் ஓர் அங்குல ஓரம் என்பது அங்கே ஊறிப்போன வழக்கம். அப்படி அமைத்தால் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 250 சொற்கள் வரும்; அவர் கேட்ட 50 பக்கம் என்பது சுமார் 12,500 சொற்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். நாவலைப் பொறுத்தவரை, எழுதி முடித்துத் திருத்தியும் முடித்த பிறகே கடிதம் அனுப்ப வேண்டும் என்பது அந்தத் துறையின் அடிப்படை எதிர்பார்ப்பு. அதை நீங்கள் கொஞ்சம் முந்திக்கொண்டுவிட்டீர்கள். நடந்தது நடந்துவிட்டது, இப்போது உங்கள் அதிருப்தி எப்படிப்பட்டது என்று நேர்மையாகப் பாருங்கள். வாக்கியங்களைச் செதுக்க வேண்டும், பிழை திருத்த வேண்டும் என்ற அளவில் இருந்தால், ஒரு வாரம் உட்கார்ந்து முடித்து அனுப்பிவிடுங்கள். முகவர் கேட்டதும் எழுத்தாளருக்குத் திடீரென்று தம் நாவல் முழுவதும் ஓட்டையாகத் தெரிவது இயல்பு. அந்தப் பதற்றத்தில் நல்ல அத்தியாயங்களைக் கலைத்துப் போட்டவர்களை நான் அறிவேன். ஆனால் முடிவே தவறு, கதை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை என்று நீங்கள் உறுதியாக நினைத்தால், அந்த நிலையில் அனுப்பாதீர்கள். ஒருமுறை படித்து மறுத்த நாவலை அதே முகவர் மறுபடி திறந்து பார்ப்பது அபூர்வம். “கேட்டதற்கு நன்றி. இறுதிப் பகுதியில் ஒரு திருத்தத்தை முடித்துக்கொண்டிருக்கிறேன், இந்தத் தேதிக்குள் பிரதி உங்களிடம் இருக்கும்” என்று இரண்டு வரி எழுதி, அந்தத் தேதியைக் காப்பாற்றுங்கள். இரண்டு மாதத்தை ஒரு மாதமாகச் சுருக்க முடியுமா என்றும் பாருங்கள். பல மாதங்கள் ஓடிவிட்டால் அவர் உங்கள் கதையையே மறந்துவிடக்கூடும். 50 பக்கம் கேட்டவருக்கு இந்தத் தடையே இல்லை. அவருக்கு இன்றோ நாளையோ அனுப்பலாம்.

அனுப்பும் முறையிலும் ஒரு நிமிடம் கவனம் வையுங்கள். முகவர் மின்னஞ்சலில் கேட்டிருந்தால் அதே அஞ்சலுக்குப் பதிலாக அனுப்புங்கள். இணையப் படிவத்தின் வழியாகக் கேட்டிருந்தால் அவர் தந்த இணைப்பிலேயே ஏற்றுங்கள். பொருள் வரியில் ‘கேட்ட பிரதி’ என்ற குறிப்பும் நாவலின் பெயரும் உங்கள் பெயரும் இருந்தால் போதும். கடிதத்தில் நன்றி, என்ன இணைத்திருக்கிறீர்கள், எத்தனை சொற்கள் என்பவற்றைத் தவிர வேறெதுவும் வேண்டியதில்லை. நாவலை மறுபடி விளக்க வேண்டாம். பிரதியின் முதல் பக்கத்தில் உங்கள் பழைய அறிமுகக் கடிதத்தைச் சேர்த்துவிடுங்கள். முகவர் அதைப் பல வாரங்கள் கழித்து ரயிலில் உட்கார்ந்து கையடக்கக் கருவியில் திறக்கும்போது, இது எந்தக் கதை என்று அவருக்கு உடனே நினைவு வரும்.

கோப்பை அனுப்புமுன் வேறொரு கணினியில் திறந்து பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. என் நண்பர் ஒருவர் அனுப்பிய வேர்டு கோப்பில், முன்பு பிரதியைப் படித்துக் கொடுத்தவர் ஓரத்தில் எழுதியிருந்த குறிப்புகள் நீக்கப்படாமல் அப்படியே போய்விட்டன. மூன்றாம் அத்தியாயத்தின் ஓரத்தில் “இந்த இடம் ரொம்ப இழுக்கிறது” என்று சிவப்புக் கட்டத்துக்குள் இருந்தது. முகவர் அந்த வரியைப் படித்த பிறகுதான் அத்தியாயத்தைப் படித்திருப்பார். ஓரக்குறிப்புகளையும் திருத்தச் சுவடுகளையும் நீக்கி, கோப்புக்கு நாவலின் பெயரையும் உங்கள் பெயரையும் மட்டும் இட்டு அனுப்புங்கள்.

கேள்வி: என் நாவலின் முழுப் பிரதி இரண்டு முகவர்களிடம் இருக்கிறது. மூன்றாமவர், தனக்கு மட்டும் தனியுரிமையாகப் படிக்கத் தர வேண்டும் என்கிறார். மறுத்தால் கோபித்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது.
(டொராண்டோ வாசகர்)

பதில்: இருவரிடம் பிரதி இருக்கும்போது தனியுரிமையை உங்களால் தரவே முடியாது, அதை அப்படியே சொல்லிவிடுங்கள். “பிரதி இப்போது வேறு இருவரின் பரிசீலனையில் உள்ளது, தங்களுக்கு விருப்பமானால் உடனே அனுப்புகிறேன்” என்றால் போதும். அவர்கள் யார் என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் பலரை அணுகுவது அங்கே எல்லாரும் அறிந்த நடைமுறை என்பதால், பெரும்பாலான முகவர்கள் இதற்காக முகம் சுளிக்க மாட்டார்கள். வேறு யாரிடமும் பிரதி இல்லாத நிலையில் இப்படிக் கேட்டிருந்தாலும், நான் தயங்கியே சம்மதிப்பேன். காத்திருப்பின் முழுச் சுமையும் எழுத்தாளர் தலையிலேயே விழுகிறது. கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், மூன்று அல்லது நான்கு வாரம் என்று எல்லை வைத்து, முடியும் தேதியையும் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: முழுப் பிரதி அனுப்பி மூன்று மாதமாகியும் பதிலில்லை. இதற்கிடையில் இன்னொரு நிறுவனம், படித்து மதிப்பிடக் கட்டணம் செலுத்தினால் நாவலை எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறது. சம்மதிக்கலாமா? ஒருவேளை யாராவது நல்ல முகவர் முன்வந்தால், மற்றவர்களுக்கு எப்படித் தெரிவிப்பது?
(திருச்சி வாசகி)

பதில்: கட்டணம் செலுத்தாதீர்கள். முறையான முகவர், நாவல் விற்று உங்களுக்கு வரும் பணத்திலிருந்துதான் தம் பங்கை எடுத்துக்கொள்வார். அது உள்நாட்டு விற்பனைக்கு வழக்கமாக 15 விழுக்காடு, வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளுக்குப் பெரும்பாலும் 20 விழுக்காடு. படிப்பதற்கே பணம் கேட்கும் இடத்தில், நாவலை விற்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லாமல் போகிறது.

மூன்று மாத மௌனம் வருத்தம் தருவதுதான். ஆனால் முழுப் பிரதியைப் பொறுத்தவரை அது அசாதாரணம் இல்லை. முகவர்கள் பகலில் தம் எழுத்தாளர்களின் ஒப்பந்தங்களைக் கவனித்துவிட்டு, புதிய பிரதிகளை இரவிலும் வார இறுதியிலும்தான் பெரும்பாலும் படிக்கிறார்கள். அவர் தம் இணையப் பக்கத்தில் கால அளவு ஏதும் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, இப்போது ஒருமுறை பணிவாக நினைவூட்டலாம். பிரதி அனுப்பிய தேதி, நாவலின் பெயர், இன்னும் பரிசீலனையில் உள்ளதா என்ற ஒரு கேள்வி, அவ்வளவுதான். பதில் வராவிட்டால் அடுத்த நினைவூட்டலுக்கு இன்னும் சில வாரங்கள் விடுங்கள்.

ஒருவர் முன்வந்தால், அந்த மகிழ்ச்சியில் தொலைபேசியிலேயே சம்மதம் சொல்லிவிடாதீர்கள். யோசிக்க இரண்டு வாரம் கேளுங்கள். அது அங்கே வழக்கமான அவகாசம், நல்ல முகவர் அதை மறுக்க மாட்டார். அன்றே, முழுப் பிரதியோ சில பக்கங்களோ வைத்திருக்கும் மற்ற எல்லாருக்கும், என் நாவலை எடுத்துக்கொள்ள ஒரு முகவர் முன்வந்திருக்கிறார், இந்தத் தேதிக்குள் உங்கள் முடிவைச் சொல்ல முடியுமா என்று எழுதுங்கள். மாதக்கணக்கில் மௌனமாக இருந்தவர் இரண்டே நாளில் படித்து முடிப்பதும் உண்டு. அதனாலேயே சிலர் யாரும் முன்வராதபோதே ஒருவர் முன்வந்ததாக எழுதிப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். முகவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்பவர்கள், அந்தப் பொய் வெளிப்பட்டால் உங்கள் நாவலை யார் நம்பி எடுப்பார்கள்?

அந்த இரண்டு வாரத்தில் முன்வந்தவரிடம் நீங்களும் கேள்வி கேளுங்கள். நாவலில் என்ன மாற்றம் எதிர்பார்க்கிறார், எந்தப் பதிப்பாசிரியர்களிடம் கொண்டுபோக நினைக்கிறார், இந்த நாவல் விலை போகாவிட்டால் அடுத்ததற்கும் உடன் நிற்பாரா, ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பவற்றை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். கையெழுத்திட்டதும், பிரதி வைத்திருக்கும் மற்றவர்களுக்கு நன்றி சொல்லி அதைத் திரும்பப் பெறுவதாகத் தெரிவித்துவிடுங்கள். அறிமுகக் கடிதம் மட்டும் பெற்று இன்னும் பதில் தராதவர்களுக்கும் அதே நாளில் ஒரு வரி போய்விட வேண்டும்.